சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட்

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பொக்கிஷத்தை வில்லியம் ட்வீட் என்னும் கட்சித் தலைவனும் அவன் கூட்டத்தாரும் சூறையாடி வந்த காலம். ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகையின் விகடச் சித்திரக்காரராகிய தாமஸ் நாஸ்ட், 1871-ம் வருஷத்தில் அவனைத் தலைக்குப் பதிலாகப் பணமூட்டை தாங்கியவனாகவும், பிணந்தின்னிக் கழுகாகவும் எழுதினார். எழுத்து வாசனை அறியாதாரும் கண்டு நகைத்தனர். ட்வீட் அஞ்சியது அந்நகைப்புக்கே.

முதலில் ஆசை காட்டினர். ஐரோப்பா சென்று கலை பயிலுதற்கென 1,00,000 டாலர் என்றனர். நாஸ்ட் விளையாட்டாய்ப் பேரம் பேச, அது 5,00,000 வரை ஏறிற்றாம்! அவர் மறுத்துவிட்டார். பயமுறுத்தல் கடிதங்களும் வந்தன. மனைவி மக்களை மாரிஸ்டவுன் என்னும் ஊரிற் குடியேற்றினாரேயன்றி, எழுதுகோலைக் கீழே வைத்தாரில்லை.

1875-ல் காவலினின்று தப்பியோடிய ட்வீட்டை, மறு வருஷம் ஸ்பெயின் தேசத்து அதிகாரிகள் நாஸ்டின் படமொன்றைக் கொண்டே அடையாளங் கண்டு பிடித்தனர். அப்படத்தில் அவன் இரு சிறுவரைப் பற்றியிருந்தமையால், பிள்ளை பிடிப்பவனென்று அவர்கள் கருதினராம்! 1878-ல் அவன் சிறையிலேயே மாண்டான்.

ஆயினும் நாம் ஒன்றை மறைத்தல் தகாது. ஐரிஷ் ஜனங்களைக் குரங்கு முகத்தினராக எழுதியதும் அதே கைதான். திருடனொருவனை நகைப்பது வேறு. ஒரு சமூகத்தையே இழிப்பது வேறு. குலத்தைச் சுட்டிப் பழிக்கும் சொல்லின் வலி அறிந்த நம்மவர் இதனை எளிதில் பொறார்.

1884-ல் கைப்பொருள் இழந்து நொடித்த நாஸ்ட், பின்னர் ஈக்வடார் தேசத்துக் குவாயாகில் நகரில் அமெரிக்கக் கான்ஸலாக அமர்ந்து, 1902-ல் மஞ்சட்சுரத்தாற் காலமானார்.