சாவித்திரிபாய் பூலே: துணிவுக்குப் பின்னிருந்த பயிற்சி

ஆண்டுதோறும் சனவரி 3ஆம் நாள் சாவித்திரிபாய் பூலேவின் பிறந்த நாளைக் கொண்டாடும் மேடைகளில் ஒரு காட்சி தவறாமல் விவரிக்கப்படுகிறது. புனே நகரத் தெருவில் ஓர் இளம்பெண் பள்ளிக்கு நடந்து செல்கிறார். சாதி ஆதிக்கவாதிகள் அவர்மீது சாணத்தையும் சேற்றையும் வீசுகின்றனர். பள்ளியை அடைந்ததும் மாற்றிக்கொள்வதற்காக அவர் மற்றொரு சேலையைக் கையோடு எடுத்துச் செல்கிறார். இக்காட்சி நினைவில் நிறுத்தத் தக்கதே. ஆயினும், சேலையை மாற்றிக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்த பின் அவர் எப்படிக் கற்பித்தார், அந்தக் கலையை எங்கே பயின்றார் என்னும் வினாக்கள் அம்மேடைகளில் பெரும்பாலும் எழுவதில்லை.

இவ்வினாக்களை எழுப்ப வேண்டிய இடங்களுள் ஒன்று கோவையின் வடபகுதி. துடியலூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையம் பல்லாண்டுகளாக ஆசிரியர் கல்வி வழங்கிவரும் ஊர். கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குச் செல்லும் மாணவ ஆசிரியர்கள் பாடக்குறிப்பேடு, படவட்டைகள், மணிச்சட்டம் ஆகியவற்றோடு செல்கின்றனர். துடியலூர், தடாகம் வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் அவர்களுக்கு எதிரே அமர்ந்திருப்போரில் தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளும், செங்கல் சூளைகளில் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளும், அருந்ததியர் குடியிருப்புகளிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவர்களும் உண்டு. இப்பிள்ளைகளுக்குப் பாடத்தை எவ்வாறு ஈர்ப்புடையதாக ஆக்குவது என்பது பயிற்சி நிறுவனங்களில் பெரிதும் உத்தி சார்ந்த வினாவாகவே கேட்கப்படுகிறது. அது சாதி சார்ந்த வினாவும் ஆகும் என்பதைச் சாவித்திரிபாயின் வாழ்க்கை காட்டுகிறது.

மாணவி ஆசிரியையான வழி

இன்றைய மராட்டிய மாநிலத்தின் சதாரா மாவட்டத்திலுள்ள நாய்காவ் என்னும் சிற்றூரில் 1831ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை கண்டோஜி நெவசே; தாய் இலட்சுமி. குடும்பம் மாலி என்னும் தோட்டப்பயிர்ச் சாதியைச் சேர்ந்தது. 1840இல், ஒன்பது வயதில், ஜோதிராவ் பூலேவுடன் திருமணம் நடந்தது. அப்போது மணமகனுக்கு வயது 13. புகுந்த வீட்டிற்கு வந்தபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அவருடைய முதல் ஆசிரியர் கணவரே. அவரோடு சேர்ந்து கற்றவர் ஜோதிராவை வளர்த்த உறவினரான சகுணாபாய். தொடர்ந்து ஜோதிராவின் நண்பர்கள் சகாராம் பராஞ்சபே, கேசவ் சிவராம் பவால்கர் ஆகியோர் அவருக்குக் கற்பித்தனர். அடுத்த கட்டமாக, புனேயில் திருமதி மிட்செல் நடத்திய நார்மல் பள்ளி எனப்பட்ட ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும், அகமதுநகரில் சிந்தியா ஃபாரர் நடத்திய நிறுவனத்திலும் அவர் பயிற்சி பெற்றார். 1827இல் அமெரிக்காவிலிருந்து பம்பாய்க்கு வந்த ஃபாரர், பெண் குழந்தைகளின் பள்ளிகளுக்கே தம் வாழ்நாளைச் செலவிட்டு 1862இல் அகமதுநகரிலேயே மறைந்தவர். 1848இல் அவருடைய பள்ளியைப் பார்வையிட்ட ஜோதிராவ், அங்கு பெண் குழந்தைகள் கற்கும் விதத்தைக் கண்டு வியந்து, அதுபோன்ற பள்ளியொன்றைப் புனேயில் தொடங்க முடிவு செய்தார்.

இப்பயிற்சியின் பொருளை உணர அக்காலத்துக் கல்விச் சூழலை நினைவில் கொள்ள வேண்டும். ஆசிரியர் என்பவர் பிறக்கும்போதே ஆசிரியர் என்று கருதிய சமூகம் அது. மராட்டிய நாட்டின் ஊர்ப் பள்ளிகளைப் பந்தோஜி எனப்பட்ட பார்ப்பன ஆசிரியர்கள் நடத்தினர். வாய்பாடுகளை உரக்கக் கூவி மனப்பாடம் செய்வதே படிப்பு. பிரம்படி அதன் உடன்பிறப்பு. தமிழகத்தின் திண்ணைப் பள்ளிக்கூடங்களும் இதற்கு விலக்கல்ல. மணலில் எழுத்து, எண்சுவடி, சட்டாம்பிள்ளை, கோதண்டம் என்னும் தண்டனை ஆகியவை நம் முன்னோர் அறிந்தவையே. சென்னை எழும்பூரில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் முறையையும் மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். உலகுக்கு ஒரு கற்பித்தல் முறையை ஈந்த அத்திண்ணைகளில் சேரிக் குழந்தைக்கு இடமில்லை.

அத்தகைய காலத்தில், கற்பித்தல் என்பது பிறப்பால் வருவது அன்று, பயின்று பெறுவது என்னும் கருத்தே சாதி ஒழுங்கை மீறிய கருத்தாகும். சென்னையில் அரசின் நார்மல் பள்ளி 1856இல்தான் தொடங்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, சூத்திரர் என இழித்துரைக்கப்பட்ட சாதியில் பிறந்த ஓர் இளம்பெண் இரு நிறுவனங்களில் அக்கலையைப் பயின்று ஆசிரியையாகியிருந்தார்.

வகுப்பறை

1848இல் புனேயின் புதவார் பேட்டையில், பீடே என்பவரின் மாளிகையில் பூலே இணையர் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். எதிர்ப்பு உடனே எழுந்தது. உறவினரும் ஊராரும் தந்த நெருக்கடியால் 1849இல் ஜோதிராவின் தந்தை இருவரையும் வீட்டைவிட்டு வெளியேறச் செய்தார். இருப்பினும் பணி நிற்கவில்லை. 1851 சூலை 3ஆம் நாள் சிப்ளூண்கர் மாளிகையில் மற்றொரு பள்ளி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ராஸ்தா பேட்டையிலும், 1852 மார்ச்சில் வேதாள் பேட்டையிலும் பள்ளிகள் தோன்றின. மகர், மாங் முதலிய தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கெனத் தனி அமைப்பொன்றும் நிறுவப்பட்டது.

இப்பள்ளிகளில் மொழி, இலக்கணம், கணிதம் ஆகியவற்றோடு நிலப்படங்களைக் கொண்டு புவியியலும், மராட்டிய வரலாறும் கற்பிக்கப்பட்டன. வீட்டில் புத்தகம் என்ற பொருளையே கண்டிராத குழந்தைக்கு முன் ஒரு நிலப்படம் விரிக்கப்படுவதை எண்ணிப் பார்க்கலாம். ஊர் எல்லையைத் தாண்டுவதற்கே அஞ்சப் பழக்கப்பட்ட குழந்தை, தன் ஊரையும் அதற்கு அப்பால் விரியும் உலகையும் ஒரே தாளில் விரலால் தொடுகிறது. பயிற்சி நிறுவனங்கள் இதனைத் துணைக்கருவி என்று குறிக்கும். அந்தக் குழந்தைக்கோ அது எல்லை மீறலின் முதல் பாடம்.

இக்கற்பித்தலின் தரத்திற்கு அக்காலத்து ஏடுகளே சான்று. 1852 மே மாதம் பூனா அப்சர்வர் இதழ் வெளியிட்ட செய்தி, ஜோதிராவின் பள்ளிகளில் பயிலும் சிறுமியரின் எண்ணிக்கை அரசுப் பள்ளிகளில் பயிலும் சிறுவரைப் போல் பத்து மடங்கு என்றும், அங்குள்ள கற்பிக்கும் முறை அரசுப் பள்ளிகளின் முறையைவிட மிக மேம்பட்டது என்பதே காரணம் என்றும் கூறியது. இந்நிலை நீடித்தால் சிறுமியர் சிறுவரை விஞ்சிவிடுவர் என்றும் அது எச்சரித்தது. அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் விசிராம்பாக் மாளிகையில் நடந்த விழாவில் பூலே இணையர் அரசால் சிறப்பிக்கப்பட்டனர்.

தெருவில் வீசப்பட்ட சேறு பள்ளியை மூடிவிடும் என்று எதிரிகள் நம்பினர். பிள்ளைகள் வருவதை நிறுத்தியிருந்தால் அந்த நம்பிக்கை பலித்திருக்கும். வேலையை விட்டு, ஊராரின் ஏச்சைக் கடந்து, பசியோடு ஒரு சிறுமி நாள்தோறும் வருகிறாள் என்றால், வகுப்பறைக்குள் அவளை இழுக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். பள்ளியின் கதவைத் திறக்கத் துணிவு போதும். அதனுள் குழந்தையைத் தக்க வைக்கத் தொழில்திறனும் வேண்டும். இடைநிற்றலைத் தடுக்கப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை அளித்ததையும், பெற்றோரைத் தொடர்ந்து சந்தித்ததையும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. பசித்த வயிற்றுக்கு எந்த உத்தியும் பாடத்தை இனிக்கச் செய்யாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

முக்தாவின் எழுதுகோல்

ஓர் ஆசிரியரின் திறனை அளக்கச் சிறந்த அளவுகோல் அவருடைய மாணவர். மாங் சாதியில் பிறந்த முக்தா சால்வே பூலே இணையரின் பள்ளியில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பயின்றவர். தம் 14ஆம் வயதில் மாங், மகர் மக்களின் துயரம் குறித்து அவர் எழுதிய கட்டுரை 1855இல் ஞானோதயா இதழில் வெளியாயிற்று. வேதங்களைப் படிக்கும் உரிமை தமக்கு மறுக்கப்பட்டிருக்குமானால், தம் மக்களுக்கு உரிய மதம் எது என்று அச்சிறுமி கடவுளை நோக்கிக் கேட்டார். பேசுவாக்களின் ஆட்சியில் தம் மக்கள் கொல்லப்பட்ட விதத்தையும், கூரையற்ற வெளியில் வெயிலிலும் மழையிலும் பிள்ளை பெறும் தம் குலப் பெண்களின் வேதனையையும் விவரித்தார்.

மனப்பாடம் செய்விக்கும் வகுப்பறையிலிருந்து இத்தகைய எழுத்து பிறக்காது. தன் தெருவில் கண்டதைச் சொல்லலாம், கண்டதைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், அக்கேள்வியை எழுதலாம் என்று ஒருவர் அச்சிறுமியை நம்பச் செய்திருக்கிறார். பாடத்தை ஈர்ப்புடையதாக்குவது என்பது குழந்தையைச் சிரிக்க வைப்பதோடு முடிவதில்லை. குழந்தையின் வாழ்வைப் பாடத்திற்குள் அனுமதிப்பதும் அதில் அடங்கும்.

சாவித்திரிபாயும் எழுதினார். 1854இல் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பான காவ்ய பூலே வெளியாயிற்று. இயற்கையைப் பாடிய கவிதைகளோடு, குழந்தைகளுக்கான அறிவுரைப் பாடலும், பலர் கூடிப் பேசும் உரையாடல் வடிவப் பாடலும், கல்வி பெறுமாறு ஒடுக்கப்பட்டோரை அழைக்கும் பாடல்களும் அதில் உள்ளன. பாட்டும் உரையாடலும் ஏட்டறிவு இல்லாத வீடுகளிலும் புழங்கும் வடிவங்கள். அவ்வடிவங்களிலேயே கல்வியின் அழைப்பை அவர் வைத்தார்.

வகுப்பறைக்கு வெளியே

1856 அக்டோபரில், நோயுற்று நாய்காவில் தங்கியிருந்தபோது ஜோதிராவுக்கு எழுதிய கடிதத்தில், தாம் இல்லாததால் பள்ளியில் ஃபாத்திமாவின் மீது கூடியிருக்கும் வேலைச்சுமையை அவர் கவலையோடு நினைவுகூர்கிறார். மாங், மகர் மக்களுக்குக் கற்பிப்பதைப் பழித்த தம் உடன்பிறந்தாருடன் வாதிட்டு அவரை மனம் மாறச் செய்ததையும் அக்கடிதம் தெரிவிக்கிறது. 1868இல் எழுதிய கடிதத்தில், பார்ப்பன இளைஞர் ஒருவரும் மகர் பெண் ஒருவரும் காதலித்ததற்காக ஊரார் அவர்களைக் கொல்ல முனைந்தபோது தாம் இடைமறித்துக் காத்ததை விவரிக்கிறார். கோகுல்ராஜையும் (2015) உடுமலை சங்கரையும் (2016) பறிகொடுத்த கொங்கு மண்ணில் இக்கடிதம் ஒவ்வொரு ஆசிரியரின் மேசையிலும் இருக்க வேண்டியது.

1857 கிளர்ச்சிக்குப் பின் ஐரோப்பியரின் நன்கொடைகள் வற்றின, பாடத்திட்டம் குறித்த கருத்து வேறுபாட்டால் ஜோதிராவ் பள்ளி நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார், பள்ளிகள் நலிந்தன. ஆயினும் அவ்வனுபவம் வீணாகவில்லை. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் ஜோதிராவ் அளித்த அறிக்கையில், தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும், ஆசிரியர்கள் பயிற்சியும் நல்ல ஊதியமும் பெற வேண்டும், ஏர்க்கலப்பையையும் தச்சரின் வாய்ச்சியையும் தொட நாணாத உழைக்கும் குலத்தவர் ஆசிரியராக வேண்டும் என்ற கோரிக்கைகள் இடம்பெற்றன. இணையர் இருவரும் வகுப்பறையில் கற்றதன் சாரம் இது.

1863இல் கைம்பெண்களுக்கும் அவர்தம் சிசுக்களுக்கும் காப்பகம்; 1868இல் தீண்டத்தகாதோர் எனப்பட்டோருக்குத் தம் வீட்டுக் கிணறு; 1873இல் சத்தியசோதக் சமாஜம் என அவர்களின் பணி விரிந்தது. 1890 நவம்பர் 28ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தபோது, வழக்கத்தை மீறி இறுதி ஊர்வலத்தில் சாவித்திரிபாயே முன்னே தீச்சட்டி ஏந்தினார். 1893இல் சாஸ்வடில் நடந்த சமாஜத்தின் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

1897இல் புனேயைக் கொள்ளைநோய் தாக்கியது. வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவராகப் பணிபுரிந்த சிகிச்சை முகாமுக்கு, முண்ட்வாவின் மகர் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த சிறுவன் ஒருவனை 66 வயதில் தம் முதுகில் சுமந்து வந்தார். சிறுவன் பிழைத்தான். நோய் தொற்றிய சாவித்திரிபாய் மார்ச் 10ஆம் நாள் மறைந்தார்.

இன்றைய பயிற்சிக்கு

தமிழகத்தில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஆடல், பாடல், கதை, பொம்மை என வகுப்பறைகள் மாறியுள்ளமை வரவேற்கத்தக்கது. எனினும் அதே வகுப்பறையிலிருந்து தலித் குழந்தை கழிப்பறை கழுவ அனுப்பப்படுகிறது என்ற செய்தியும் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. காலையில் வண்ண அட்டையால் எழுத்தைக் கற்பித்துவிட்டு, மதியம் துடைப்பத்தால் சாதியைக் கற்பிக்கும் பள்ளியில் எந்தப் புதிய முறையும் வேர்பிடிக்காது.

ஆகவே ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தில் சாவித்திரிபாய் சமூக சீர்திருத்தவாதிகளின் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் நின்றுவிடக் கூடாது. புரோபல், மாண்டிசோரி ஆகியோரைக் கற்பிக்கும் பாடத்திலேயே அவரும் கற்பித்தல் வல்லுநராக இடம்பெற வேண்டும். தடாகத்துச் செங்கல்லை எண்ணிக் கூட்டல் கற்பிக்கும் மாணவ ஆசிரியர், அச்செங்கல்லை அறுத்தவர் யார், அவர் பெற்ற கூலி எவ்வளவு என்ற கணக்கையும் அதே கரும்பலகையில் போடலாம். அந்தக் கணக்குக்கு வகுப்பில் எத்தனை கைகள் உயர்கின்றன என்பதைப் பாடக்குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.