தீப்பெட்டியில் சிரித்த பாடகி

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்காத காலம். தீப்பெட்டிகள் கப்பலில் வந்தன. ஆஸ்திரியா நாட்டில் செய்த தீப்பெட்டியின் மேல் ஓர் அழகியின் படம் இருக்கும். தபால் கார்டுகளிலும் அதே முகம்!

அவர்தான் கல்கத்தாவின் பிரபல பாடகி கவுகர் ஜான்.

இந்த வழக்கம் ஜப்பானில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. உட்டமாரோ என்ற ஓவியர் தாசிகளின் முகங்களை வரைவார். அதை மரப்பலகையில் செதுக்கி, வண்ணம் தடவி, காகிதத்தில் அச்சடித்து விற்பார்கள். பணக்காரர்கள் மட்டுமே நேரில் காணக்கூடிய அழகி, சில்லறைக் காசுக்குச் சாமானியன் வீட்டுக்கும் வந்துவிடுவாள். கவுகர் ஜானுக்கோ முகத்தோடு குரலும் கடைக்கு வந்தது!

தாயும் மகளும்

கவுகரின் முதல் பெயர் ஏஞ்சலினா. 1873-ல் வடநாட்டில் ஆசம்கட்டில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஆர்மீனிய வம்சத்தவர். சில ஆண்டுகளில் பெற்றோர் பிரிந்தனர். தாய் விக்டோரியா மகளுடன் காசிக்குப் போனார். அங்கே இருவரும் இஸ்லாம் மதத்தில் சேர்ந்தார்கள். தாய் மல்கா ஜான் ஆனார். மகள் கவுகர் ஜான் ஆனார். நம் பக்கத்துச் சதிர் தாசிகளைப்போல் ஆடிப்பாடுவதே தாயின் பிழைப்பு ஆயிற்று. மகளுக்கும் அதுவே தொழில்.

1902 நவம்பரில் கல்கத்தாவுக்கு இசைத்தட்டுக் கம்பெனியார் வந்தார்கள். பெரிய வித்துவான்கள் பலர் அந்த இயந்திரத்தைக் கண்டு தயங்கினார்கள். கவுகர் தயங்கவில்லை. விடிய விடியப் பாடும் ராகத்தை மூன்றே நிமிடத்தில் அடக்கிக் காட்டினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை உரக்கச் சொல்வார். காரணம் உண்டு. தட்டு ஜெர்மனியில் தயாராகும். பாடியது யார் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டுமே!

சுமார் 600 பாட்டுகள் பதிவாயின. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் போன்ற நம் நாட்டுப் பாடகிகளும் பிறகு இசைத்தட்டில் பாடினார்கள். 1910-ல் கவுகர் சென்னைக்கு வந்து விக்டோரியா மண்டபத்தில் பாடினார்.

கோர்ட்டு வாசலில்

தம்மிடம் வேலை பார்த்த அப்பாஸ் என்பவரை நம்பி மணந்தார். வயதில் அவர் இளையவர். பிறகு மனஸ்தாபம், சொத்துத் தகராறு, வழக்கு. பாடிச் சேர்த்த பணம் கோர்ட்டில் கரைந்தது.

1928-ல் மைசூர் மகாராஜா ஆதரவு கொடுத்தார். சம்பளம் மாதம் 500 ரூபாய். ஒரு காலத்தில் ஒரு கச்சேரிக்கே அதைவிட அதிகம் வாங்கியவர்! அந்தச் சம்பளத்தையும் அவர் நெடுநாள் வாங்கவில்லை. 1930 ஜனவரி 17-ந் தேதி, உறவினர் துணையின்றி, மைசூரில் இறந்தார்.