மறதி நோயைக் கண்டறிந்த டாக்டர் அல்சைமர்

வயதானால் மறதி வரும், அது இயற்கை என்றுதான் உலகம் நெடுங்காலம் நினைத்திருந்தது. மறதி முற்றிவிட்டால் பைத்தியம் என்று ஒதுக்கிவிடுவார்கள். மூளைக்குள் நடக்கும் நாசமே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று காட்டியவர் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர்.

ஜெர்மனியில் பவேரியாவைச் சேர்ந்த மார்க்பிரைட் என்ற சிற்றூரில் 1864-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி பிறந்தார். 1887-ல் டாக்டர் பட்டம் பெற்று, மறு ஆண்டே பிராங்பர்ட் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நரம்புச் செல்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் வழியைக் கண்ட நிசில் அங்கே அவருக்கு நண்பரானார். பகலில் நோயாளிகள், மாலையில் மைக்ராஸ்கோப் என்று இருவரும் உழைத்தனர்.

1901-ல் அல்சைமரின் மனைவி இறந்தார். குழந்தைகள் மூன்று பேர். அதே ஆண்டு நவம்பரில் 51 வயதுப் பெண்மணி ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கணவர் மீது காரணமில்லாத சந்தேகம். வீட்டுச் சாமான்களை எடுத்து ஒளித்து வைத்தார். சமையலும் மறந்துவிட்டது.

அல்சைமர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதில்களைத் தம் கையாலேயே எழுதினார். சாப்பிடுவது காலிபிளவரும் பன்றி இறைச்சியும். அந்த அம்மாள் சொன்னதோ கீரை என்று! பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவார். எழுத வந்தது என்ன என்பதே மறந்துபோகும். அதற்கு முன் வயது முதிர்ந்தவர்களிடம் பார்த்ததை, இந்த வயதில் அல்சைமர் பார்த்தார்.

1903-ல் அவர் வேலையை விட்டு ஹைடல்பர்க் சென்றார். பிறகு மியூனிக்கில் பேராசிரியர் கிரேப்பலினிடம் சேர்ந்தார். அங்கே தொடக்கத்தில் சம்பளம் கிடையாது. மனைவி விட்டுச் சென்ற சொத்து கைகொடுத்தது. ஊர் மாறினாலும் அந்த நோயாளியை மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8-ந் தேதி அவர் இறந்ததும், மூளையையும் மருத்துவக் குறிப்புகளையும் மியூனிக்குக்கு வரவழைத்தார்.

மூளை சுருங்கியிருந்தது. வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தபோது, செல்களுக்குள் நூல் சிக்கிக்கொண்டது போன்ற இழைகள் தெரிந்தன. செல்களுக்கு வெளியே ஏதோ ஒரு பொருள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது.

அந்த நவம்பரில் டியூபிங்கன் நகர டாக்டர்கள் மாநாட்டில் இதை எடுத்துச் சொன்னார். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார்கள்.

1910-ல் கிரேப்பலின் தம் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். 1912-ல் இன்று போலந்தில் உள்ள பிரெஸ்லோ நகரில் பேராசிரியர் பதவி கிடைத்தது. போகும் வழியிலேயே நோய்வாய்ப்பட்டார். அது இதயத்தைப் பாதித்தது. 1915 டிசம்பர் 19-ந் தேதி காலமானபோது அவருக்கும் வயது 51. பிராங்பர்ட்டில் மனைவியின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

காணாமற்போயிருந்த அந்த அம்மாளின் நோய்க்குறிப்பு 1995-ல் பிராங்பர்ட்டில் கிடைத்தது. மூளைத் துண்டுகள் பதித்த கண்ணாடித் தகடுகள் பின்னர் மியூனிக்கில் கிடைத்தன. மீண்டும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, அவர் எழுதிய இழைகளும் திட்டுகளும் அப்படியே தெரிந்தன.