பத்து சென்ட் காசில் பிறந்த தடுப்பூசி



உங்கள் பேரக்குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். போலியோவுக்குச் சொட்டு மருந்தோடு ஊசியும் இருக்கும். அந்த ஊசிக்கு வழிவகுத்தவர் டாக்டர் ஜோனஸ் சால்க். அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களோ அமெரிக்காவின் சாதாரண மக்கள்.

சால்க் 1914ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா ஆடைத் தொழிலில் இருந்தவர். வசதியான குடும்பம் அல்ல. மருத்துவம் படித்த சால்க், கிளினிக் வைத்துச் சம்பாதிக்கப் போகாமல் ஆராய்ச்சிக்குப் போனார். 1947ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அந்நாளில் அங்கே கோடைக்காலம் வந்தாலே பெற்றோர் நடுங்குவார்கள். 1952ல் மட்டும் சுமார் 58,000 பேரைப் போலியோ தாக்கியது. 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே 39 வயதில் போலியோவால் கால்கள் செயலிழந்தவர். 1938ல் அவர் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு 'டைம்', அதாவது பத்து சென்ட் நாணயம், வெள்ளை மாளிகைக்கு அனுப்பும்படி வானொலியில் வேண்டுகோள் விடுத்தார்கள். சுமார் 26 லட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள் தபாலில் வந்து குவிந்தன. வங்கியில் காசு எண்ணியே காலம் தள்ளிய எனக்கு, அந்த உறைகளைப் பிரித்து எண்ணியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது!

இந்த அறக்கட்டளைதான் சால்க்குக்கு நிதி தந்தது. ஃபார்மலினால் வைரஸைச் செயலிழக்கச் செய்து அவர் தடுப்பூசி தயாரித்தார். 1953ல் தனக்கும், மனைவிக்கும், மூன்று மகன்களுக்கும் அதைப் போட்டுக்கொண்டார். 1954ல் நடந்த பெரும் சோதனையில் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்றார்கள். முடிவு தெரிவதற்கு முன்பே 90 லட்சம் டாலருக்குத் தடுப்பூசி வாங்க அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. வங்கிக் கண்ணால் பார்த்தால் இது ஜாமீன் இல்லாத கடன்!

1955 ஏப்ரல் 12ல் வெற்றி அறிவிக்கப்பட்டது. தேவாலய மணிகள் ஒலித்தன. ஆனால் மகிழ்ச்சி சில வாரம்கூட நிலைக்கவில்லை. ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் மருந்தில் உயிருள்ள வைரஸ் தங்கிவிட்டதால் சுமார் 200 பேருக்குப் பக்கவாதம் வந்தது. 10 பேர் இறந்தார்கள். தடுப்பூசித் திட்டத்தை நிறுத்திவைத்து, தயாரிப்பு விதிகளைக் கடுமையாக்கி, மறுபடி தொடங்கினார்கள். பெற்றோரும் பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வந்தார்கள். தங்கள் காசில் உருவானது என்ற உரிமையும் அதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1957ல் நோயாளிகள் எண்ணிக்கை ஆறாயிரத்துக்கும் கீழே இறங்கியது.

சால்க்கிடமும் குறை உண்டு. வெற்றி அறிவித்த மேடையில் தன்னோடு உழைத்த ஆய்வகக் குழுவினரின் பெயர்களைச் சொல்லாமல் விட்டார்; அந்த வருத்தம் அவர்களுக்குக் கடைசிவரை தீரவில்லை. ஆனால் தடுப்பூசிக்குக் காப்புரிமை வாங்கி அவர் பணம் பண்ணவில்லை. 1995ல், 80 வயதில் காலமானார்.

இனி யாராவது குழந்தைகள் நல ஆராய்ச்சிக்கு நன்கொடை கேட்டு வந்தால், கணக்கையும் ரசீதையும் கேளுங்கள். சரியாக இருந்தால், நம்முடைய நூறு ரூபாய் எந்த மூலைக்கு என்று நினைக்காமல் கொடுங்கள்.