தாய்மாரைக் காத்த தகைமையாளர் – டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

நம் காஞ்சி மாநகருக்குத் தெற்கே ஓடும் பாலாறு, இராணிப்பேட்டையைத் தழுவி இங்கு வருகிறது. அந்த இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் பிறந்தவரே ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் அமெரிக்க நாட்டுப் பெற்றோரின் மகள். பாட்டனாரும் தந்தையாரும் இம்மண்ணில் மருத்துவத் தொண்டு புரிந்தவர்கள். ஆயினும் இளமையில் அம்மையாருக்கு இவ்வழியில் செல்லும் விருப்பம் சிறிதும் இல்லை. பஞ்சமும் பிணியும் கண்டு வளர்ந்த அவர், அமெரிக்காவிலேயே வாழ எண்ணினார்.

1890ஆம் ஆண்டு அன்னையார் நோயுற்றமையால், திண்டிவனத்தில் இருந்த பெற்றோரிடம் வந்தார். அங்கு ஓரிரவு, ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆடவர் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவரும் உயர்சாதி இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தனர். தந்தையார் மருத்துவர், வரவும் ஆயத்தமாக இருந்தார். ஆனால் அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்டிரைத் தொட்டு மருத்துவம் செய்வதை அவர்தம் வழக்கம் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். மருந்து இருந்தது, மருத்துவரும் இருந்தார். இடையே நின்று கொன்றது வழக்கம் என்னும் சுவர்.

அவ்விரவே ஐடாவின் வாழ்க்கையைத் திருப்பிற்று. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நியூயார்க்கு நகரச் செல்வர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த பத்தாயிரம் டாலருடன் 1900இல் வேலூர் வந்தார். சிறிய அறையில் ஒரே படுக்கையுடன் தொண்டு தொடங்கியது. 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

கட்டடம் எழுந்துவிட்டால் உயிர் காக்கப்படும் என்று அம்மையார் நம்பவில்லை. ஒரு மருத்துவர் எத்தனை பேரைக் காக்க முடியும்? தாய்மாரைக் கொல்லும் பகைவர் அன்றும் இன்றும் பெரும்பாலும் அவர்களே: பேற்றுக்குப் பின் பெருகும் குருதிப்போக்கு, நச்சுக்கிருமித் தொற்று, இரத்தக் கொதிப்பால் வரும் வலிப்பு, குழந்தை வெளிவர இயலாத தடை. இவற்றைத் தடுக்க முதலில் வேண்டுவது, உரிய நேரத்தில் அருகில் இருக்கும் பயிற்சி பெற்ற கைகள். ஐரோப்பாவில் வியன்னா நகர மருத்துவமனையில், செம்மல்வைசு என்னும் மருத்துவர் 1847இல் மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தே, பத்தில் ஒருவர் என்ற அளவில் இருந்த பேறுகாலச் சாவை மறு ஆண்டில் நூற்றில் ஒன்றிரண்டாகக் குறைத்துக் காட்டினார். பொருட்செல்வம் குறைந்த இடத்திலும் ஒழுங்கும் பயிற்சியும் உயிர் காக்கும் என்பதற்கு இது சான்று.

ஆகவே 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியை அம்மையார் தொடங்கினார். மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூரார்க்காகச் சாலையோரத்து மரநிழல்களையே மருத்துவச் சாலையாக்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே பெரிது என்றார் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி. வந்தவையோ அதனினும் மிகப் பல! முதலாண்டுத் தேர்வில் ஆடவர் பலர் தவறியிருக்க, தேர்வெழுதிய வேலூர் மாணவியர் அனைவரும் தேறினர். 1942இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. 1946இல் ஓய்வு பெற்ற அம்மையார், 1960ஆம் ஆண்டு மே திங்களில் கொடைக்கானலில் இயற்கை எய்தினார்.

இளைஞர்களே! அந்த மூன்று வீட்டார்க்குக் கதவைத் தட்டவேனும் உரிமை இருந்தது. நம் சேரிகளில் மாண்ட தாய்மாருக்காக எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாதிருந்த காலம் அது. அவர்கள் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கு ஊதியத்துடன் பேறுகால விடுப்பு வேண்டும் என்று வாதாடியது இதனை உணர்ந்தே. உழைக்கும் தாயின் உயிர் அருளால் மட்டும் காக்கப்படுவதன்று, அஃது உரிமை.

2018–20 ஆண்டுகளின் கணக்கின்படி, ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மாரும் தமிழகத்தில் 54 தாய்மாரும் இறந்தனர். நெடுந்தொலைவு கடந்துள்ளோம், எனினும் அந்த 54 பேரும் யார் வீட்டுப் பெண்கள் என்று கேட்க வேண்டியவர்கள் நாம். சூலுற்ற பெண்ணைத் தொடக்கத்திலேயே அரசு மருத்துவமனையில் பதிவு செய்வதும், இரத்தசோகையை முன்னரே போக்குவதும், கடுமையான வேலையிலிருந்து அவளை விடுவிப்பதும், குருதிக்கொடைக்கு இளைஞர் முன்வருவதும் நம் கடமைகள்.

அனைத்தினும் மேலாக, நம் பெண்மக்கள் செவிலியராகவும் மருத்துவராகவும் எழ வேண்டும். அன்று ஒரு பெண் கற்றிராமையால் மூவர் மாண்டனர்; அவர் கற்றமையால் எண்ணற்றோர் பிழைத்தனர். கல்விச் சங்கம் கண்ட நமக்கு இதனினும் பெரிய பாடம் வேறில்லை.