தங்கவயலில் ஒளி ஏற்றிய தமிழன்: அயோத்திதாசப் பண்டிதர் வாழ்க்கை

நமது தருமபுரி மாவட்டத்துச் சேரிகளில், பாட்டன் காலத்தில் கோலாருக்குப் போனவர்கள் என்று குறிப்பிடப்படும் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் ஏன் போனார்கள், போன இடத்தில் எதைப் பெற்றார்கள் என்பதை இளைஞர் பலர் அறியார். வெள்ளி விழாக் காணும் நமது கல்விச் சங்கத்தின் இம்மலரில், அம்மக்களின் உள்ளத்தில் இடம்பெற்ற பெரியார் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறோம். அவர்தாம் அயோத்திதாசப் பண்டிதர்.

முதலில் அக்கால நிலையைக் காண்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சம், சேலம், வடஆற்காடு மாவட்டங்களைப் பெரிதும் அழித்தது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. நிலமற்ற பண்ணையாட்களே அப்பஞ்சத்தில் முதலில் வீழ்ந்தவர்கள். அடுத்து 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். பாறையைக் குடையவும் மண்ணைச் சுமக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். இம்மாவட்டங்களின் ஆதிதிராவிட மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டனர். ஊரில் தானியமாகப் பெற்ற கூலியை, அங்கே நாணயமாகக் கையில் வாங்கினர். 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்து சுரங்க இயந்திரங்களை ஓட்டியது. கண்காணாத சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள், நாட்டின் முதல் பெருந்தொழில் நகரங்களுள் ஒன்றின் குடிகளாயினர்.

இதே காலத்தில் உலகின் மறுகோடியிலும் இது போன்றதொரு காட்சி நிகழ்ந்தது. ஐரோப்பாவின் ஏழை உழவர்கள் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். 1892இல் நியூயார்க் துறைமுகத்தருகே எல்லிஸ் தீவில் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. வந்தவர்கள் பிட்ஸ்பர்க் நகரின் எஃகு ஆலைகளிலும், சிகாகோ நகரின் இறைச்சித் தொழிற்கூடங்களிலும் உழைத்தனர்; நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். ஆயினும் தத்தம் தாய்மொழியில் செய்தித்தாள் நடத்தினர், சங்கம் அமைத்தனர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தொழிலாளர்க்கென நியூயார்க்கில் 1897இல் ஒரு நாளிதழே பிறந்தது. அந்நிய நகரில் மனிதன் தன்னை இழந்துவிடாமல் காப்பவை இதழும் சங்கமுமே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். தங்கவயலுக்குச் சென்ற நம்மவர்க்கு அத்தகைய இதழையும் சங்கத்தையும் அளித்தவர் பண்டிதர்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். இவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பணிபுரிந்தவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தவர் என்று பண்டிதரே தம் எழுத்துக்களில் பதிந்துள்ளார். கல்வி நமக்குப் புதியது என்று கூறுவோர்க்கு இக்குடும்ப வரலாறே தக்க விடையாகும். தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராச பண்டிதர்பால் கொண்ட பேரன்பினால், மாணவரும் அப்பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார். ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இச்செய்தி நெஞ்சை நெகிழ்விப்பது.

இவருடைய குடும்பமும் இடம்பெயர்ந்த குடும்பமே. தேயிலை, காப்பித் தோட்டங்கள் பெருகிவந்த நீலகிரியில் இவர் பல்லாண்டு வாழ்ந்தார். அங்கு 1876இல் அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் உதகையில் மாநாடு கூட்டினார்.

மறு ஆண்டு, 1892இல், சென்னையில் கூடிய மகாஜன சபைக் கூட்டத்தில் நம் மக்களின் சார்பாளராகச் சென்றார். கோயில்களில் நம்மவர்க்கு நுழைவுரிமை வேண்டும் என்று கேட்டார். அவையோர் கூச்சலிட்டு மறுத்தனர். பண்டிதர் மனம் புண்பட்டார். ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி வேண்டும், தரிசு நிலங்களை ஏழைகளுக்கு அளிக்க வேண்டும் என்னும் இரண்டு கோரிக்கைகளை முன்வைத்து ஏற்கச் செய்தார். மறுக்கப்பட்ட வாயிலின் முன் நின்று அழுவதைவிட, திறக்கக்கூடிய வாயிலைத் தட்டுவதே அறிவுடைமை என்று கண்டார். அவர் தட்டிய வாயில் கல்வி.

அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தை நடத்திவந்த கர்னல் ஆல்காட், 1894 முதல் சென்னையில் நம் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளிகளை நடத்தினார். பண்டிதர் அவரோடு தொடர்பு கொண்டார். 1898இல் ஆசிரியர் கிருஷ்ணசாமியாருடன் இலங்கை சென்று, சுமங்கல மகா நாயகரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். சென்னை திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லாத அறம் இம்மண்ணில் முன்னரே இருந்தது, அதுவே நம் முன்னோர் அறம் என்பது அவர் கொள்கை.

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். கூலி வேலை செய்பவரும் வாங்க வேண்டும் என்றே அவ்விலை வைத்தார். அடுத்த ஆண்டில் அது தமிழன் என்று பெயர் பெற்றது. வரலாறு, மருத்துவம், சமயம், அரசியல், நாட்டு நடப்பு எல்லாம் அதில் இடம்பெற்றன. சென்னையில் அச்சான இவ்விதழ், நம் மக்கள் பிழைக்கப் போன வழியெல்லாம் சென்றது. தங்கவயல், பெங்களூர், ஹூப்ளி, செகந்தராபாத், கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஆகிய இடங்களில் வாசகர்களும் சங்கங்களும் தோன்றின.

இவற்றுள் தங்கவயலின் இடம் தனிச் சிறப்புடையது. மாரிகுப்பத்தில் எம். ஒய். முருகேசர் முதலியோர் சங்கக் கிளையை நடத்தினர். சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பொருளுதவி அளித்தனர். அங்கு உழைத்து ஊர் திரும்பிய பெரியவர்கள், ஷிப்டு முடிந்த பின் எழுத்தறிந்த ஒருவர் இதழைப் படிக்க, ஏனையோர் சுற்றி அமர்ந்து கேட்ட கதையைச் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். தட்டி வீட்டில் குடியிருந்து, உயிரைப் பணயம் வைத்துப் பாதாளத்தில் இறங்கியவர்கள் அவர்கள். பாறை வெடித்து மாண்டவரும் கல்தூசியால் நுரையீரல் கெட்டு இருமி மடிந்தவரும் அவர்களுள் பலர். அந்தக் கூலியில் ஒரு பைசாவை எழுத்துக்கென எடுத்துவைத்தனரே, அந்த ஒரு பைசாவின் மதிப்பு அவர்கள் வெட்டித் தந்த பொன்னுக்கும் இல்லை என்போம்.

பண்டிதர் 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறைந்தார். திருக்குறளுக்கு அவர் எழுதிவந்த உரை முற்றுப்பெறாமல் நின்றது. ஆனால் அவர் பணி நிற்கவில்லை. அவர் மைந்தர் பட்டாபிராமன் சிலகாலம் இதழை நடத்தினார். பின்னர் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தமிழன் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. சென்னையில் பிறந்த இதழைச் சுரங்கத் தொழிலாளர் தத்தெடுத்து வளர்த்தனர். 1956இல் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே தமிழ் மக்களிடையே அவ்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 2005இல் இந்திய அரசு பண்டிதர்க்கு அஞ்சல் தலை வெளியிட்டது. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவமனை அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

அன்பார்ந்த இளைஞர்களே! தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. பொன் தீர்ந்தது, கூலியும் நின்றது. ஆனால் அங்கே கற்றவர்களின் பிள்ளைகள் ஆசிரியராகவும் அலுவலராகவும் பொறியாளராகவும் பல ஊர்களில் வாழ்கின்றனர். இன்று நீங்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்கிறீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளே பேருந்தேறிய மாணவர்களை நாம் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். போவதைக் குறை கூறோம். உங்கள் பாட்டன்மாரும் போனவர்களே. நகரம் கூலி தரும். மானத்தைத் தானாகத் தருவதில்லை. அதை நாமே சங்கத்தாலும் எழுத்தாலும் ஈட்ட வேண்டும் என்பதே பண்டிதர் வாழ்க்கை கற்பிக்கும் பாடம்.

ஆகவே எங்குச் சென்றாலும் விட்ட படிப்பை அஞ்சல் வழியிலேனும் தொடருங்கள். மாதக் கூலியில் ஒரு சிறு பகுதியை நமது சங்கத்தின் நூலகத்துக்கும் மாலை வகுப்புக்கும் அளியுங்கள். சுரங்கத்து இருளில் நின்றவர்கள் ஒரு பைசா தந்து ஏற்றிய விளக்கு அது. வெளிச்சத்தில் நிற்கும் நாம் அதை அணையவிடலாகாது.