யானைக்குக் கம்பளி போர்த்தின சேலத்து முதலாளி!

ஜோக்கரோட மீசையைக் கவனிச்சிருக்கீங்களா? 1966-ல வந்த 'பேட்மேன்' டி.வி. தொடரோட கிளிப் ஏதாவது சிக்கினா, ஜோக்கர் முகம் குளோசப்ல வர்ற இடத்துல பாஸ் பண்ணுங்க. வெள்ளை மேக்கப்புக்கு அடியில நிஜ மீசை எட்டிப் பார்க்கும். அந்த வேஷம் போட்ட சீசர் ரொமேரோ மீசையை எடுக்க மாட்டேன்னுட்டார். மீசைக்கு மேலேயே பூசி அனுப்பிட்டாங்க.

பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர்கள்ல இப்படித் துருவிப் பார்க்கிறது ஒரு தனி சுகம். 'ஸ்டார் ட்ரெக்' டாக்டரோட ஹைடெக் கருவிகள்ல சில, நிஜத்துல சாப்பாட்டு மேஜை உப்புக் குடுவைகள். 'டாக்டர் ஹூ'வுல உலகையே மிரட்டுற டாலெக்கோட கை, சிங்க் அடைப்பெடுக்கிற ரப்பர் கப். வேற்றுக் கிரகம்னு நம்மளை நம்பவெச்ச வாஸ்குவெஸ் பாறைகள், பள்ளிப்பட்டுப் பக்கம் பஸ் ஜன்னல்ல தெரியுற நகரி மலை மாதிரி, ஊரை ஒட்டி இருக்கிற பாறைதான். லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து வேனை எடுத்தா போய்ச் சேர்ந்துடலாம்.

விஷயம் என்னன்னா, அந்த ரொமேரோ ஜோக்கர் ஆகுறதுக்கு 14 வருஷம் முன்னாடியே நம்ம சேலத்துக்காரர் ஒருத்தர் பங்கு போட்டுத் தயாரிச்ச படத்துல நடிச்சிருக்கார். அந்தச் சேலத்துக்காரர், மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம்.

1907-ல திருச்செங்கோட்டுல பிறந்தவர். வீட்டுல ஜவுளி, நூல் வியாபாரம். அதனால இங்கிலாந்துல லீட்ஸுக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படிச்சார். அங்கேயே கிளாடிஸ்ங்கிற ஆங்கிலேயப் பெண்ணைக் காதலிச்சுக் கல்யாணமும் பண்ணிக்கிட்டார். அந்தக் காலத்துல கொங்கு நாட்டுல இது எவ்வளவு பெரிய பேச்சா இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க!

ஊர் திரும்பினவரை இழுத்தது சினிமா. தமிழ்ப் படம் எடுக்க கல்கத்தாவுக்கு ரயிலேறின காலம் அது. சுந்தரமும் ஆரம்பத்துல அப்படித்தான் எடுத்தார். அப்புறம் 1935-ல, ஏற்காடு அடிவாரத்துல சொந்தமா ஸ்டூடியோ கட்டினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள. நடிகர்களுக்கு மாதச் சம்பளம். மில் நடத்துற மாதிரி கண்டிப்பு. எல்லாரும் அவரை 'முதலாளி'ன்னுதான் கூப்பிட்டாங்க.

முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' (1938), பி.யு.சின்னப்பா ரெட்டை வேஷம் போட்ட 'உத்தம புத்திரன்' (1940), தமிழோட முதல் முழுநீள கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956)... எல்லாம் அவர் பேனர்தான். ஆனா, உங்க மாதிரி பாஸ் பட்டன் பார்ட்டிகள் தேட வேண்டியது 1952-ல வந்த 'தி ஜங்கிள்'. தமிழ்ல 'காடு'. ஹாலிவுட் டைரக்டர் வில்லியம் பெர்க்கோட சேர்ந்து இந்தியாவுலேயே எடுத்த ஆங்கிலப் படம். இந்திய இளவரசியா மேரி வின்ட்ஸர்ங்கிற அமெரிக்க நடிகை, வேட்டைக்காரரா கௌபாய் ஹீரோ ராட் கேமரூன். கூடவே நம்ம எம்.என்.நம்பியார்!

கதைப்படி காட்டு யானைகள் மிரண்டு ஓடும். என்ன காரணம்னு தேடிப் போனா, எப்போவோ அழிஞ்சுபோன மாமூத்துகள், அதாவது உடம்பு பூரா சடை முடி வெச்ச பனிக்கால யானைகள், அங்கே உயிரோட சுத்துது. கிராஃபிக்ஸ் கிடையாது, பொம்மையை அசைச்சுப் படமெடுக்க நேரமும் காசும் கிடையாது. என்ன பண்ணினாங்க? நிஜ யானைகளுக்கே சடை சடையா முடியைப் போர்த்தி கேமரா முன்னாடி நிறுத்திட்டாங்க. நெசவு படிச்சவர் கம்பெனியில யானைக்கு காஸ்ட்யூம்!

சிரிப்பு வரும். ஆனா ஒண்ணு. மாமூத்துக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் ஆப்பிரிக்க யானை இல்லை, ஆசிய யானைதான். அதனால அந்த வேஷத்துக்கு நம்ம யானையைவிடப் பொருத்தமான நடிகர் உலகத்துலேயே கிடையாது. படத்தை பழுப்பு நிறச் சாயத்துல வெளியிட்டாங்க. போர்வையும் தோலும் சேர்ற இடத்தை அந்தப் பழுப்பு ஓரளவு மறைச்சிருக்கும்ங்கிறது என் கணக்கு. நீங்க பாஸ் பண்ணிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

அதே நம்பியார் 1963-ல எம்.ஜி.ஆரோட 'கலை அரசி'யில வேற்றுக்கிரகவாசியா வந்தார். பூமியில இருந்து பாட்டுக்காரியைக் கடத்திட்டுப் போற கதை. அந்த வருஷம் ஆகஸ்ட்ல சுந்தரம் காலமானார். வயசு 56. 'டாக்டர் ஹூ' முதல் எபிசோட் ஒளிபரப்பானது அதே நவம்பர்ல.

அவருக்கப்புறமும் கம்பெனி கொஞ்ச காலம் ஓடுச்சு. அப்புறம் தளங்கள் போச்சு, லேப் போச்சு, அந்த இடத்துல வீடுகள் வந்துடுச்சு. ஏற்காடு ட்ரிப் போறப்ப, மலை ஏறுறதுக்கு முன்னாடி ரோட்டோரமா பாருங்க. மாடர்ன் தியேட்டர்ஸ்னு பேர் போட்ட நுழைவாயில் வளைவு மட்டும் நிக்குது. பைக்கை கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க, இல்லைன்னா தாண்டிப் போயிடுவீங்க.